தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு முதல் விதி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது.
அவர் வாயில் "நான்" என்றால்
என் வாயிலும் "நான்".

அப்படித்தான் அந்த முதல் செவ்வாய்க்கிழமை
புவாங்கோக்கில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில்,
மணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு
நான் இழுவைப்படகுக் கேப்டன் ஆனேன்.
ஜூரோங் தீவுக்கு அப்பால், மழையில்,
எண்ணெய்க் கப்பல் ஒன்றைத் தனியாளாகத் திருப்பினேன்.
பெர்த்தில் எனக்கு இரண்டு மகள்கள்.
மூத்தவள் பல் மருத்துவர்.
வியாழக்கிழமை
இளையவள் பல் மருத்துவர்.

கோப்பில் இருந்தவர் வேறு ஆள்:
வடுகநாதன், ஐம்பத்தெட்டு,
ஈசூனில் ஒரு கொண்டோவுக்கு இரவுக் காவல்,
மணமாகாதவர்.
டாக்டர் ஹுய் மின் ஒருமுறை கோப்பைத் திறந்து
மெதுவாகக் கேட்டும் பார்த்தார்.
வடுகநாதன் முகம் சிவக்கவில்லை.
பழைய பொய்யின்மேல் இன்னொரு மாடி கட்டினார்,
அதற்கு லிஃப்டும் வைத்தார்.

"காசு கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை,
இதில் இவருக்கு என்னதான் கிடைக்கிறது?"
தாழ்வாரத்தில் தாதி ரொஹாய்டா.
தூக்கத்துக்கு மாத்திரை உண்டு,
பதற்றத்துக்கு உண்டு,
இதற்கு இல்லை, என்றார் டாக்டர்.
கோப்பி ஆறிப்போயிருந்தது.

ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றார்.
அவர் தலைக்கு மேலே
இரண்டு ஜோடிக் கண்கள் சந்தித்துக்கொண்டன.
ஆனாலும் ஒயர்களை ஒட்டினார்கள்.
தாள் நகர்ந்து நகர்ந்து கோடு போட்டது.
ஒன்றுமில்லை.
"பொய் சொல்கிறவருக்கும் நெஞ்சு இருக்கிறதே"
என்றாள் ரொஹாய்டா, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டியபடி.
அடுத்த முறையும் ஒட்டுவாளா
என்று நான் கேட்கவில்லை.
கேட்பது என் வேலை இல்லை.

பத்தாம் நாள் பூனை வந்தது.
இல்லை, திருத்திக்கொள்கிறேன்:
முதல் செவ்வாயிலேயே வந்துவிட்டது.
என் குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்:
"வீட்டில் பூனை. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்."
கப்பலுக்கும் மகள்களுக்கும் நடுவே
அதையும் சொல்லித்தான் இருக்கிறேன்,
ஒரு சொல் விடாமல்.

குரலைப் பற்றி
விதியில் எதுவும் எழுதவில்லை.

நம்பாதவள் சொல்கிற பூனை
காகிதத்தில் வெட்டிய பூனை.
அதற்குப் பசிக்காது.

பத்தாம் நாள், எதிர்வீட்டுக்காரர்
இரவெல்லாம் சத்தம் என்று நகர மன்றத்துக்குப் போன் போட்ட பிறகு,
சாவியைத் தேடினார்கள்.
எங்கும் போகவில்லை அது.
வார்டு லாக்கரில், பிளாஸ்டிக் பையில்,
பெயர் ஒட்டி, பத்து நாளாக.
சமூக சேவகர் கெல்வின் போய்த் திறந்தார்.
கழிவறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
ரொட்டிப் பையை, அரிசிப் பையைக் கிழித்திருக்கிறது.
கைபேசிப் படத்தில்
விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.
ஆனால் கண் திறந்திருந்தது,
கேமராவை முறைத்தது.

டாக்டர் படத்தை அவரிடம் நீட்டினார்.
"நான் உங்களை நம்பியிருக்க வேண்டும்" என்றார்,
ஆங்கிலத்தில்.
நான் தமிழில் சொன்னேன்.
விதிப்படி, அது டாக்டரின் "நான்".
தொண்டையைத் தாண்டும்போது
என்னுடையதாகி வந்தது.

வடுகநாதன் படத்தை
நெடுநேரம் பார்த்தார்.
விரலால் பெரிதாக்கினார். சிறிதாக்கினார்.
காதுக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் புள்ளியை
நகத்தால் தொட்டார்.
அப்புறம் நிமிர்ந்தார்.

"மூணு இருந்துச்சே.
மத்த ரெண்டும் எங்க?"

ஏர்கான் மட்டும் இரைந்தது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
மொழி தெரியாத மூன்று முகங்கள்.
நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.
குரலை இரண்டு கையாலும் ஏந்துகிறவள் போலப் பிடித்துக்கொண்டு,
என்னிடம் மூன்று பூனைகள் இருந்தன,
என்றேன்.

கெல்வின் ஒன்றும் பேசாமல்
சட்டைப் பையில்
சாவியைத் தடவிப் பார்த்தார்.